நாள் பார்க்காமல் நட்ட வெங்காயம்

இஞ்சாருங்கோ,

அங்கேயும் மாசி மாதம் இப்படித்தானா? இங்கே வானத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மாசிப்பனி மூசிப் பெய்யும் என்பார்கள். இந்த வருடம் பனியைக் காணோம், மூசிப் பெய்ததெல்லாம் மழைதான். காலையில் கண் கூசுகிற வெயில், பின்னேரமானால் தெல்லிப்பழைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. கொடியில் போட்ட சீலையைக்கூட நம்பி விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

தையில் நட்ட வெங்காயம் முழுவதும் அழுகிவிட்டது. உங்களிடம் மறைத்து என்ன செய்ய? தாள் மஞ்சளாகிச் சரிந்தது. பிடுங்கிப் பார்த்தால் கையில் கூழ்.

இனிக் கொட்டிலில் தொங்குவது நீங்கள் கடைசியாகப் பிடிபிடியாகக் கட்டி வைத்த விதைவெங்காயம் மட்டும்தான். அதிலும் முளை எட்டிப் பார்க்கிறது. வைத்திருந்தால் உள்ளே வற்றிக் கோதாகிவிடும், நட்டு மழை பிடித்தால் அழுகிவிடும். கடையில் வேறு விதை வாங்கலாம். அது உங்கள் விதையாகுமா?

முந்தாநாள் உங்கள் தம்பி வந்தார். வாசல் படலையில் நின்றே கதைத்தார்.

“மச்சாள், வாற வெள்ளிதான் நாள் நல்லது. அதுமட்டும் பொறுங்கோ.”

“வெள்ளிக்கு மழையெண்டு போனிலை காட்டுது, தம்பி. அதுக்கு முன்னம் வேர் பிடிக்க வேணுமெல்லோ?”

“போன் சொல்லுறதெல்லாம் நடக்குமே? நான் வந்து முதல் வெங்காயத்தை வைச்சுத் தாறன். நீங்கள் கை வைக்காதேங்கோ. குறை நினையாதேங்கோ, அண்ணை போய் ஒரு வருசமாகேல்லை, ஆட்டைத் திவசமும் இன்னும் முடியேல்லை.”

விளங்கியது. தாலி கழற்றியவளின் கை முதலில் மண்ணில் படக்கூடாது. அவர் நல்லவர்தான், என்மேல் பட்சமுள்ளவர். ஆனாலும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. தையில் நாள் பார்த்து அவரே வைத்துத் தந்ததைத்தானே மழை கொண்டுபோனது?

நேற்று முழுக்க மனம் அடித்துக்கொண்டது. என் கையால் வைத்து இதுவும் அழுகினால், ஊர் மழையைச் சொல்லாது, என்னைத்தான் சொல்லும். நானும் அப்படியே நம்பிவிடுவேனோ என்பதுதான் பெரிய பயம். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இன்று காலை நடுகைக்கு வந்த பெண்கள் வரம்பில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“அக்கா, ஆர் முதல் வைக்கிறது?”

“நான்தான்.”

ஈசான மூலையில் குந்தினேன். முதல் வெங்காயத்தைக் கையில் எடுத்தேன். நீங்கள் பிள்ளையாரைக் கூப்பிட்டுத்தான் வைப்பீர்கள். எனக்கும் அவர் பெயர்தான் வாயில் வந்திருக்க வேண்டும். வந்தது உங்கள் பெயர். கட்டிய நாள்முதல் ஒருதரமும் சொல்லாத பெயரை, அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன். பிறகு எல்லோரும் குனிந்து நடத் தொடங்கினார்கள். கோபமா உங்களுக்கு?

இப்போது பின்னேரம். வானம் இருட்டுகிறது. மழை வந்தால் மண்வெட்டியோடு ஓடிப்போய்த் தண்ணீர் வடிய வாய்க்காலை வெட்டிவிடுவேன். சித்திரையில் உங்கள் விதையில் ஒரு பிடியாவது கட்டித் தொங்கவிடுவேன். அதுகூட மிஞ்சாமல் போனால், பிழை மழையினுடையது என்றே சொல்வேன். என் கையைக் குறைசொல்ல ஊரையும் விடமாட்டேன், என்னையும் விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கடை மனிசி