ஒலிபரப்பாகாத கல்யாணி

அச்சகத்திலிருந்து அடுத்த மாத நிகழ்ச்சி நிரல் வந்திருக்கிறது. மை இன்னும் சரியாகக் காயவில்லை. கட்டைப் பிரித்ததும் அறை முழுக்க அந்த வாடை. முதல் பக்கத்தில் உங்கள் படம். கீழே மூன்று நாள் நினைவு இசை விழா, பள்ளிப் பிள்ளைகளுக்கு ராகம் கண்டுபிடிக்கும் போட்டி, பொம்மிடியில் நேயர் சந்திப்பு. எல்லாமே உங்கள் பெயரில். "அவரப் பத்தி நாலு வரி நீங்களே எழுதி வாசிச்சிடுங்க. பதினோரு வருசம் கூடவே இருந்தீங்க, உங்கள விட யாருக்குத் தெரியும்?" என்றார் புதிய நிலைய மேலாளர்.

தெரியும். அதனால்தான் அந்த நாலு வரி வரவில்லை. இதுதான் வருகிறது.

தர்மபுரியில் சாஸ்திரிய இசைக்கென்றே ஒரு சின்ன வானொலி நிலையம். நீங்கள் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், நான் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வந்த அறிவிப்பாளர். முதல் வாரத்தில் நேரலையில் வாய்தவறி 'வீடு' என்பதை எங்கள் ஊர் வழக்கில் 'வூடு' என்று சொல்லிவிட்டேன். ஒலிப்பதிவு அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டீர்கள்: "இது மாட்டுச் சந்தையா, ரேடியோ ஸ்டேஷனா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

உங்களுக்குக் காது இருந்தது. அதை மறுக்க மாட்டேன். தம்புரா மயிரிழை இறங்கினால் உங்கள் முகம் சுளிக்கும். அந்தக் காது இல்லாத ஆளாக இருந்திருந்தால் பொன்னம்மா விஷயத்தில் உங்களை மன்னித்திருப்பேன்.

ஐந்து வருடத்துக்கு முன் வத்தல்மலையில் நாம் நடத்திய நேயர் சந்திப்புக்கு வந்தவர் பொன்னம்மா. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. இடுப்பில் செருகிய செல்போனில் நம் காலை நிகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டே பாடப் பழகியவர். "ராகம் பேரெல்லாம் நீங்க சொல்றதக் கேட்டுத்தானுங்க தெரியும். தப்பா இருந்தா திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கல்யாணியை எடுத்தார். உச்சியில், மேல் ஸட்ஜத்தில் போய் அவர் குரல் அசையாமல் நின்றபோது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பதிவு முடிந்ததும் நீங்களேதான் அவரிடம் சொன்னீர்கள்: "வர்ற வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணி. ஊர்ல எல்லாரையும் கேக்கச் சொல்லுங்க."

அந்த வெள்ளிக்கிழமை, ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு துண்டுச் சீட்டை என் முன்னால் வைத்தீர்கள். நிகழ்ச்சி மாற்றம். பொன்னம்மாவுக்குப் பதிலாகச் சென்னைப் பாடகர் ஒருவரின் பழைய பதிவு.

"ஏன் சார்?"

"சுருதி சுத்தமா இருக்கு. வாய் சுத்தமா இல்ல. காப்பிக்கொட்டை பறிக்கிறவங்கள இந்த நேரத்துல போட்டா, நாளைக்குப் பெரிய வித்வான் யாராவது நம்ம படி ஏறுவாங்களா?"

"நீங்கதானே சார் அவங்ககிட்டச் சொன்னீங்க?"

"குடுத்ததப் படி."

படித்தேன்.

மதியம் போன் வந்தது. "மேடம், ரேசன் கடைகிட்ட ஸ்பீக்கர் கட்டி ஊரே உக்காந்திருந்துதுங்க. எம்பேரு வரவே இல்லீங்க. நான் தப்பா பாடிட்டனுங்களா?" போனைக் கையால் பொத்திக்கொண்டு உங்களைப் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டே, "பதிவு கெட்டுப்போச்சுன்னு சொல்லு" என்றீர்கள். அப்படியே சொன்னேன். "அதுக்கென்னங்க, வந்து திரும்பப் பாடறனுங்க" என்றார் அவர்.

வேலையை விட்டுவிட்டு மூன்று முறை மலையிறங்கி வந்தார். மூன்று முறையும் பக்கத்து அறையில் இருந்துகொண்டே, 'சார் வெளியூர்' என்று என்னைச் சொல்ல வைத்தீர்கள். மூன்றாம் முறை உங்கள் இருமல் வெளியே கேட்டது. பொன்னம்மா அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் வரவில்லை.

நீங்கள் இறந்து இரண்டு வாரம் கழித்து உங்கள் கணினியைக் காலி செய்யும் வேலை எனக்கு வந்தது. நிலையத்துப் பதிவுகளோடு இல்லை. உங்கள் சொந்தக் கோப்புகளில், மகளின் கல்யாணப் படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கல்யாணி. கெடவில்லை. கடைசியாக அதைத் திறந்தது நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தின நாள். ஆக, ஐந்து வருடமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். ஓர் ஊரே கேட்கக் காத்திருந்ததை, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக. உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து உங்களை வாய்விட்டுத் திட்டினேன். செத்தவரைத் திட்டுகிறோமே என்று ஒரு துளிகூடத் தயங்கவில்லை.

அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு வத்தல்மலைக்குப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பொன்னம்மா செல்போனைக் காதோடு வைத்து முழுவதையும் கேட்டார்.

"நல்லாத்தான் பாடியிருக்கறேன்" என்றார். பிறகு, "அவரு சொல்லச் சொன்னாரு, செரி. நீங்க ஏனுங்க சொன்னீங்க?"

"பயந்துட்டேன்க்கா."

"நானுந்தானுங்க பயந்துகிட்டே வந்தேன். வராம இருந்தனா?"

நினைவு விழாவில் பாடுகிறீர்களா என்று கேட்டேன். "அவரு பேருல நடக்கறதுல வேணாங்க. இந்தப் பதிவையும் போடாதீங்க. இது அவரு கேட்டு முடிச்சது. நானே நேர்ல வந்து பாடறேன்."

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழாவை நிறுத்த முடியாது என்றார். ஆனால் அடுத்த மாதம் முதல் வெள்ளி, காலை ஏழு மணியைப் பொன்னம்மாவுக்குக் கொடுத்தார். உங்களைப் பற்றிய நாலு வரியை வேறு யாராவது எழுதட்டும், நான் வாசிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை.

நேற்று ஒத்திகை. பொன்னம்மா கல்யாணியில் மெல்ல மேலேறினார். ஸட்ஜத்துக்கு இரண்டு சுரம் கீழேயே குரல் நின்றுவிட்டது. மறுபடி முயன்றார், பிசிறடித்தது. கடைசியாக இங்கிருந்து திரும்பிப் போன நாளிலிருந்து வாயைத் திறந்து பாடவே இல்லையாம். "ஏறலீங்க" என்றார், மழை பெய்யவில்லை என்று சொல்வதைப்போல. தண்ணீர் குடித்தார். "கீழயே பாடிக்கறேன். தம்புராவக் கொஞ்சம் எறக்கி வெய்யுங்க." சுருதியை இறக்கி வைத்தேன். பாடினார். நன்றாகவே இருந்தது. அந்த உயரம் மட்டும் இல்லை.

அந்த உயரத்தை எடுத்துக்கொண்டு போனவர் நீங்கள். எடுக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றவள் நான். உங்கள் பங்குக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டீர்கள். இனி உங்களை யாரும் கேட்கவும் முடியாது. என் பங்கு என்னிடம் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை பொன்னம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் பாடி முடிக்கும்வரை அவர் முகத்துக்கு நேரே நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.