நாளைக்கு வரவேண்டிய காய்ச்சல்

அக்கா,

மார்ச் பன்னிரண்டு, வியாழன், மாலை நான்கு நாற்பது. நான் பயிற்சி கொடுக்கும் கணினி அறையில் நாற்பது இருக்கைகள். நாளைய பொதுத் தகுதித் தேர்வுக்குத் தலைமையாசிரியையாக நீ கையெழுத்திட்டு அனுப்பிய பட்டியலில் முப்பத்தாறு பேர்.

விடுபட்டவர்கள் மாதிரித் தேர்வில் கடைசியாக வந்த நால்வர். தட்டச்சுப் பிழை என்று நினைத்து உன் அறைக்குக் கிளம்பினேன். நால்வரில் ஒருத்தி வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணா, நாளைக்கு எங்க நாலு பேருக்கும் காய்ச்சலாம். லீவு லெட்டர் இன்னிக்கே வாங்கிட்டாங்க."

"யாரு சொன்னா?"

"மேடம்தான். நாங்க எழுதினா ஸ்கூல் சராசரி குறைஞ்சிடுமாம். எத்தனை டிகிரி காய்ச்சல்னுதான் சொல்லலை."

திரையில் நேரம் குறைவதைப் பார்த்தாலே கேள்வியைப் பாதியில் விட்டுவிடுகிறவள் அவள். அந்தத் திரைக் கடிகாரத்தின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு இப்போதுதான் எல்லாக் கேள்விகளையும் முடிக்கிறாள். அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நீ பள்ளிக்கூடமா நடத்துகிறாய்? சராசரியைக் காப்பாற்றப் பிள்ளைகளை ஒளித்துவைக்கிறாய். கணக்கில் இரண்டு முறை தோற்ற தம்பியை, மூன்றாம் முறை தேர்வறை வரைக்கும் கையைப் பிடித்து இழுத்துப்போனவள் யார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. பதிவு ஐந்து மணிக்கு மூடுவதற்குள் நால்வர் பெயரையும் சேர்ப்பேன்.
2. நால்வர் வீட்டுக்கும் நேரில் போய், காலை எட்டு மணிக்கு வரச் சொல்வேன்.
3. நீ வேலைநீக்கக் கடிதம் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், தேர்வு முடிந்த பிறகு.
4. அவள் உட்காரப்போகும் முப்பத்தேழாம் கணினியில் அந்தக் காகிதத்தை ஒட்டிவைப்பேன்.

உன் தம்பி