கைரியாவுக்கு விழாத வோட்டு

கெலிஓயா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நிரஞ்சனுக்கு அம்மா எழுதுறேன். நீயும் உன் ரூமில இருக்கிற பிள்ளைகளும் காய்ச்சல் தலையிடி இல்லாம இருக்கணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் பேனாவ எடுத்தேன். இங்க அப்பாவுக்கு முழங்கால் வலி குறைஞ்சிருக்கு, தங்கச்சி றஞ்சனா கம்பளைக்கு வேலைக்குப் போய் வர்றா, சுகச் சேதி அவ்வளவுதான். போன்ல பேசினா நீ நடுவுல குறுக்க விழுவ, நான் அழுதுட்டு வச்சிருவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போயிரும். அதனாலதான் லீவு முடிஞ்சு கட்டார் வர்ற லோஜினி வீட்டுக்காரர் கையில இதக் குடுத்து விடுறேன், முழுசா வாசி.

உன் மாமா மோகனராஜ் பிரதேச சபைக்கு ஜெயிச்சதுக்கு வெடி கொளுத்தின வீடியோவ நீ எல்லாருக்கும் அனுப்பினியாமே. அதுக்குப் பிறகு நடந்தத யாரும் உனக்கு அனுப்பல, நான் சொல்றேன். அவன் என் கூடப்பிறந்த தம்பி, உன்னை வெளிநாடு அனுப்ப ஓடித் திரிஞ்சவன், அந்த நன்றி எனக்கும் இருக்கு. இருந்தும் நான் அவனுக்கு வோட்டு கேக்கல, அவனுக்கு எதிரா நின்ன, பஜார்ல பாமசி மருந்துக்கடை வச்சிருக்கிற கைரியாவுக்குத்தான் வீடு வீடா ஏறி இறங்கினேன். ஏன்னு உனக்குத் தெரியும். அந்தப் பெருமழைக்கு மேடு சரிஞ்சு பக்கத்து வீட்டுப் புஷ்பத்தோட குசினி அடுப்போட மண்ணுக்குள்ள போனப்ப, ஆபிஸ்காரங்க வர முந்தி பாமசி மேல்மாடியத் தொறந்து நம்ம பொம்பளைகளையும் பிள்ளைகளையும் படுக்க வச்சவ அவதான். நம்ம சனத்துக்குச் சங்கடமா இருக்கும்னு நாங்க இருந்த வரைக்கும் அவ அடுப்புல இறைச்சியே ஏத்தல. உன் தங்கச்சி அவ மக ரிப்காவோட கட்டில்லதான் தூங்கினா. மேட்டுக்குப் பின்னால மண் வெட்டி விக்கிற முதலாளியோட பெக்கோ மெஷின, கச்சேரி ஆபிசுக்கும் பொலிசுக்கும் நடையா நடந்து நிப்பாட்டினவளும் அவதான்.

இந்த ஊர்ல எப்பவும் மேட்டுச் சனம் தமிழ் ஆளுக்கு, பஜார் முஸ்லிம் ஆளுக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிங்கள ஆளுக்குத்தான் போடும். போட்டுட்டு எல்லாரும் ஒரே சேத்துலதான் நடக்கிறோம். இந்தத் தடவை மாறும்னு நினைச்சேன், மேட்டுப் பொம்பளைகள் எல்லாம் கைரியாவுக்குத்தான்னு வாய் விட்டே சொன்னாங்க. அப்பதான் வாட்சப்புல நீ பேசி அனுப்பின வோய்ஸ் வந்துச்சு. நம்ம சனம் நம்ம ஆளுக்குத்தான் போடணும், முஸ்லிம் ஆளுக்குப் போட்டா நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்கு நாதி இல்லன்னு. ஒவ்வொரு வீட்டுப் போன்லயும் என் பிள்ளை குரல். நான் படியேறப் போனா புஷ்பமே கதவுல நின்னுக்கிட்டு, உன் மகன் இப்படிச் சொல்றான், நீ அப்படிச் சொல்ற, நாங்க யாரக் கேக்கிறதுன்னு கேட்டா. பக்கத்துல கைரியா நிக்கிறா. கட்டார்ல ஏசி ரூமுக்குள்ள இருந்துக்கிட்டு யாருக்கு நாதி இல்லன்னு சொன்ன நீ? உன் தங்கச்சிக்கு நாதியா இருந்தவளப் பத்தியா அப்படிச் சொன்ன?

கைரியா கொஞ்ச வோட்டுலதான் தோத்தா. அப்பா யாருக்குப் போட்டார்னு நான் கேக்கல, அவரும் என் முகத்தப் பாக்காமத்தான் சாப்பிட்டார். அடுத்த வட்டாரத்துல அந்த மண் முதலாளியும் ஜெயிச்சிருந்தார். சபை கூடின முதல் நாளே உன் மாமா அவர சேர்மன் ஆக்கக் கை தூக்கினான். நான் நேரா அவன் வீட்டுக்குப் போனேன். கதிரைய இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னான், நான் உக்காரல. அக்கா, முதலாளியோட நின்னாத்தான் மேட்டுக்குக் கொங்கிறீட் ரோடு வரும்னான். ரோடு போட மேடு மிஞ்சுமாடான்னு கேட்டேன். அதுக்கு அவன் உன் மகனும்தானே எனக்கு வோட்டு கேட்டான்னு சொல்லி, போன எடுத்து உன் குரல எனக்கே போட்டுக் காட்டினான். என் வாயடைக்க என் பிள்ளையவே எடுத்துக்கிட்டான்.

வியாழக்கிழமை பெக்கோ திரும்ப வந்துச்சு. எந்தத் தடை எந்த ஆபிசுல கழண்டுச்சோ தெரியாது. நாங்க பொம்பளைகள் பாதையில குந்திட்டோம், புஷ்பம் எனக்கு முந்தியே வந்து முன்னால குந்தினா. கைரியா கடையப் பூட்டிட்டு வந்து எங்களோட குந்தினா. அவ வராம இருந்திருந்தா யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பொலிஸ் வந்து, விசாரிக்கும் வரைக்கும் வெட்டக் கூடாதுன்னு ட்ரைவரத் திருப்பி அனுப்பிச்சு. மெஷின் இப்பவும் கீழ வளைவுலதான் நிக்குது. எழும்பிப் போறப்ப கைரியா என் சேலையில ஒட்டின மண்ணத் தட்டிவிட்டு, நிரஞ்சன் சுகமா இருக்கானான்னு கேட்டா. சுகம்னு சொன்னேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அதனால இப்ப நான் சொல்றத நீ செய்யணும். முதல்ல கைரியாவுக்குக் கோல் எடுத்துப் பேசு. பிறகு, நான் சொன்னது பிழைன்னு அதே குரல்ல இன்னொரு வோய்ஸ் போடு, முன்ன போன அத்தனை வீட்டுக்கும் அது போகணும். மாமா கோவிப்பான், கோவிக்கட்டும். அது என் காதுக்கு வராத வரைக்கும் உன் கோல நான் எடுக்க மாட்டேன், அப்பாவும் எடுத்துக் குடுக்க வேணாம்னு சொல்லி வச்சிருக்கேன்.

வெயில்ல தண்ணி நிறையக் குடி, வெறும் வயித்தோட வேலைக்குப் போகாத. எவ்வளவு கோபம் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னுதான் முருகனக் கும்பிடுறேன், நல்லா இரு. கைரியாவோட நம்பர் றஞ்சனாகிட்ட இருக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
பாப்பம்மா