குறைந்துபோன மாத்திரைகள்

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய தயவினால் நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் முழுச் சுகம், அம்மா முக்கால் சுகம். மீதிக் காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசுகிறாயோ என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம், நான் ஏதாவது முக்கியமாகச் சொல்லும்போது பின்னால் மாப்பிள்ளை இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. இந்த விஷயத்தை அவர் இருமிக்கொண்டே கேட்க வேண்டாம். நீ தனியாக உட்கார்ந்து படி.

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு, ஆள் அனுப்பும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள் அல்லவா, அம்மா நர்ஸம்மா என்று கூப்பிடுவாளே, நாற்பது வயதிருக்கும், நடந்தால் சத்தமே கேட்காது, காலை எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் ஐந்து மணிக்குப் போவாள். வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது. நான் முப்பத்தி நான்கு வருஷம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டரில் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்த ஆள். எல்லாம் சரியாக இருக்கிற வீட்டில்தான் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பேன். அந்தப் பழக்கம் ரிட்டயர் ஆகவில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து டிராயரில்தான் வலி மாத்திரைப் பட்டைகள் இருக்கும், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது, தூக்கம் வரும், நாக்கு குழறும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தேன், பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று இருந்தது. மறுநாள் இன்னொன்று குறைந்தது. அதே வாரத்தில்தான் அம்மா மத்தியானம் முழுக்கத் தூங்க ஆரம்பித்தாள், எழுப்பினால் வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது, ஜெபத்தில் உன் பெயரைச் சொல்ல வந்து பாதியில் நின்றுவிட்டாள். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். கிழவியைத் தூங்கவைத்துவிட்டு இவள் ஓய்வெடுக்கிறாள் என்று என் மனசில் ஒரு கணக்கு விழுந்தது, விழுந்தது எழுந்திருக்கவேயில்லை.

அதற்கப்புறம் அவள் எது செய்தாலும் எனக்கு அது ஒரு தடயம். அம்மாவுக்குப் போர்வை போர்த்திவிட்டால், ஏன் இவ்வளவு சீக்கிரம் போர்த்துகிறாள் என்று நினைப்பேன். கதவைச் சாத்தினால் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். ஒரு நாள் அவளே என்னிடம் வந்து, ஐயா, இந்த மாத்திரையை எல்லாம் நீங்க உங்க ரூம்ல வச்சுக்கிட்டா நல்லது, வேளாவேளைக்கு என்கிட்ட எடுத்துக் கொடுங்க என்றாள். நல்ல மனுஷன் இதைக் கேட்டு, ஏன் அப்படிச் சொல்றீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. என் உத்தியோகத்தில், சார் எங்க மீட்டரை ஒரு தடவை நல்லா பாத்துடுங்க என்று தானாக வந்து சொல்பவன் வீட்டில்தான் பின்பக்கம் திருட்டு ஒயர் போயிருக்கும். ஆகா, முந்திக்கொள்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளே அவளை அனுப்பிய அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் எழுதினேன், கையெழுத்து அழகாக வந்திருந்தது. அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் சாயங்காலங்களில் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்று அவள் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் நின்று என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பதில் இல்லாததால் பேசவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அம்மா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஐந்து நாள் நானே பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மறுபடி ஒன்று குறைந்தது. உன் அப்பாவுக்குப் புத்தி எப்படிப் போகிறது பார், வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருக்கும்போது, அந்தப் பெண்ணிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கிறது என்று நினைத்து வாசல் பூட்டை மாற்றினேன். டிராயரின் கைப்பிடியில் தையல் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவைத்தேன், பழைய சீல் மாதிரி. நான் மாடியில் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் நூல் அறுந்திருந்தது. அப்போதும் என் கண் ஜன்னலைத்தான் பார்த்தது, கட்டிலைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவை அம்மாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு ஆராதனைக்குப் போனேன். என் கண்ணாடிக்குக் கால் உடைந்திருந்ததால் அம்மாவின் பெரிய எழுத்து வேதாகமத்தை எடுத்துப் போனேன், அதற்கு ஜிப் வைத்த உறை உண்டு, உனக்குத் தெரியும். அன்றைக்குக் காணிக்கைப் பை தூக்குகிற முறை எனக்கு. போதகர் மலைப்பிரசங்கத்திலிருந்து வாசித்தார், காணிக்கை செலுத்த வந்த இடத்தில் உன்மேல் ஒருவனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிற இடம். உனக்கு ஏழு வயதில் நான் மனப்பாடம் பண்ணிக் கொடுத்த பகுதி. நீ தப்பாகச் சொன்னதற்கு மூன்று தடவை மறுபடி சொல்லவைத்தேன். வாசிப்பைக் கண்ணால் தொடரலாமென்று உறையின் ஜிப்பைத் திறந்தால் உள்பையிலிருந்து வலி மாத்திரைப் பட்டையில் வெட்டியெடுத்த ஒரு துண்டு மடியில் விழுந்தது. நான்கில் மூன்று இடம் காலி. அதற்குப் பின்னால் இன்னொரு துண்டு, முழுக்கக் காலி, இரண்டாக மடித்து ஜெபக்குறிப்புக் காகிதத்துக்குள் வைத்திருந்தது. பாட்டு தொடங்கியது, பையை என் கையில் கொடுத்தார்கள். முதல் வரிசை கூடத் தாண்டவில்லை, பேக்கரிக்காரர் கையில் பையைக் கொடுத்துவிட்டு நடு வழியாக வெளியே நடந்தேன். எனக்கு வயிறு சரியில்லை என்று சபை முழுக்கப் பேச்சாம், அதை நான் இன்னும் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்து தையல்காரம்மாவை அனுப்பிவிட்டு, அந்தத் துண்டுகளை அம்மாவின் கையில் வைத்தேன். அம்மா அழவில்லை. வலிக்குதுன்னு சொன்னா நீங்க சாப்பிடாம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க, அதான் சொல்லாம போட்டுக்கிட்டேன் என்றாள். சரி, அந்தப் பெண்ணை நான் அனுப்பும்போது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் அழுதாள். வாய் வரைக்கும் வந்துச்சு, நீங்க அவ்வளவு உறுதியா இருந்தீங்க, நான் சொன்னா உங்க முன்னாடி நான்தானே திருடி என்றாள். அந்தப் பெண் இரண்டு தடவை பார்த்துவிட்டாளாம், இப்படிப் பண்ணாதீங்கம்மா, ஐயாகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா சரியா இருக்காது என்று கெஞ்சினாளாம். அதனால்தான் என்னிடம் வந்து உங்க ரூம்ல வச்சுக்குங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அன்பு தீங்கு நினையாது என்று கல்யாண வீடுகளில் எத்தனை தடவை வாசித்திருப்பேன். வாசிக்கும்போதெல்லாம் அது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மட்டும் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அன்று மத்தியானமே தையல்காரம்மாவை மறுபடி துணைக்குக் கூப்பிட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போனேன், சலவைக் கடைக்குப் பின்னால் ஒரே அறை. யார் வீட்டுத் துணியையோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தை ஒன்றும் வரவில்லை, தப்பு என்னுது, மாத்திரையை எடுத்தது அம்மா என்று மட்டும் சொன்னேன். எனக்குத் தெரியும் என்றாள், பெட்டியைக் கீழே வைக்காமலே. மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சட்டைக் காலரையே தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐயா, என்கிட்ட வந்து சொல்றது சுலபம், எனக்கு இது ஏற்கனவே தெரிஞ்சதுதானே, என்னைப் பத்தி யார் யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க, அப்புறம் பாப்போம் என்றாள். அதில் தப்புக் கண்டுபிடிக்க என்னாலேயே முடியவில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் போனேன். மேலாளர் என் பழைய புகாரை எடுத்து மேஜையில் வைத்தார், அந்த அழகான கையெழுத்தைப் பார்க்கவே கூசியது. அதற்கு மேலேயே, நான் எழுதியது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தவறுதலாக என்று போடலாமே சார் என்றார், வேண்டாம் என்றேன். அவளை நிறுத்தின அந்த இன்னொரு வீட்டுக்கும் போனேன், அவர்கள் கதவைப் பாதி திறந்தபடியே கேட்டார்கள், என்னை நம்பினார்களா என்று தெரியவில்லை, ஆனால் அவளை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். சபையில் நான்கு பேரிடம் இரகசியமாகச் சொல்லியிருந்தேன், போய்க் கேட்டால் அது பதினோரு பேர் ஆகியிருந்தது. பதினோரு வாசலும் ஏறினேன். பாடகர் குழு மாஸ்டர் மட்டும், எதற்கும் ஜாக்கிரதையா இருங்க என்று எனக்கே புத்தி சொன்னார். ஒரு மாதத்துக்கு முன்னால் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். நிபந்தனையோடு வந்தாள். மாத்திரை பூட்டிய பெட்டியில், சாவி என்னிடம், ஒவ்வொரு வேளையும் தாளில் இரண்டு பேரும் கையெழுத்து. நான் மாத்திரை எடுக்கும்போது என் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இப்போது அவள் என்னைச் சந்தேகப்படுகிறாள், அது நியாயம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் படட்டும். டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார். அம்மா இப்போது வலித்தால் வலிக்கிறது என்கிறாள், நானும் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் பழகிவிட்டேன்.

எல்லாம் சொல்லிவிட்டேன், ஒன்று பாக்கி. அவளை அனுப்பின வாரம் உன்னிடம் போனில் மாத்திரை குறைகிறது என்று சொன்னபோது நீ, அந்த அக்கா அப்படிச் செய்யமாட்டாங்கப்பா என்றாய். நீ அவளை நேரில் பார்த்ததே கிடையாது. சனிக்கிழமை நான் கடைக்குப் போகிற நேரத்தில் அம்மாவும் நீயும் பேசிக்கொள்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மா உன்னிடம் முன்பே சொல்லியிருந்தாளா? பழைய அப்பாவாக இருந்தால் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் உன் குரலை எண்ணிக்கொண்டிருப்பேன். குறை இருந்தால் அவனிடமே தனியாகப் போய்ச் சொல் என்று வேதம் சொல்கிறது, வர முடியாத தூரம் என்பதால் எழுதிக் கேட்கிறேன். தெரியும் என்றால் தெரியும் என்று எழுது. கோபப்படமாட்டேன், பட்டாலும் உன் கடிதம் வந்த இரண்டு நாளில் ஆறிவிடும்.

உங்கள் இருவரையும் கர்த்தர் போக்கிலும் வரத்திலும் காப்பாராக, உங்கள் வீட்டில் சமாதானம் தங்கட்டும். குளிருக்குக் காது மூடிக்கொண்டு வேலைக்குப் போ, சளியை அலட்சியம் பண்ணாதே. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லாம் ஒரு தடவை படித்தாள், இதற்கு முந்தின பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்தாள், பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அதனால் பாதிப் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது, மீதியை நீ எழுது.

ஜெபத்தோடும் முத்தங்களோடும்,
உன் அப்பா