மூடிய கையில் திருநீறு

பத்து பாகாட்,
மலேசியா,
7.6.2024, வெள்ளி

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது.

விளக்கேற்றிய பிறகு நான், அப்பா, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள், ஆக மூன்று பேர் ஹாலில் உட்கார்ந்து, நீ தபாலில் அனுப்பிய உன் நாடகத்தைப் படித்தோம். மகள் பேசுவதைப் பேச்சியம்மாள் படித்தாள், அம்மா பேசுவதை நான்.

கடைசிப் பக்கத்தில் மகள் வீட்டை விட்டுப் போகிறாள். அங்கே ‘அம்மா பேசவில்லை’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். எனக்குப் படிக்க ஒன்றுமே இல்லை. பேச்சியம்மாள், “என்னக்கா இந்தம்மா, கல்லா? பெத்த பிள்ள போவுது, பாத்துக்கிட்டு நிக்கிறா!” என்றாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆசிரியர் பயிற்சியை விட்டுவிட்டு நாடகம் போடப் போகிறேன் என்று நீ கிளம்பிய நாள்தானே இது? ஆறு வருஷமாக நீ வீட்டுக்கு வராததற்கு இந்தக் கல் அம்மாதான் காரணமா? ஊரார் முன்னால் என்னை இப்படித்தான் நிறுத்தப் போகிறாயா?

அம்மா யோகேஸ்வரி

*

கோலாலம்பூர்,
15.6.2024

அன்புள்ள அம்மா,

படிச்சதை வச்சு சண்டை போடாதீங்க லா. 29ஆம் தேதி ஜொகூர் பாருவில் நாடகம். உங்களுக்கும் அப்பாவுக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். வந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க. அப்பா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறாரா?

பிரவீனா

*

பத்து பாகாட்,
30.6.2024

அன்பு மகளுக்கு,

நேற்று உன்னைப் பார்க்காமலே கிளம்பிவிட்டோம், தப்பாக நினைக்காதே. மேடைக்குப் பின்னால் வந்து உன்னிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா வேஷம் போட்ட அந்தப் பெண் சாந்தினி, மகள் கிளம்பும்போது சாமி அறையிலிருந்து வந்தாள். வலது கை மூடியிருந்தது. மகள் செருப்பை மாட்டினாள். இவள் ஓர் அடி வைத்தாள், நின்றுவிட்டாள். மகள் போன பிறகுதான் கையைத் திறந்தாள். திருநீறு கீழே கொட்டியது.

அப்பா என் காதருகே, “அன்னைக்கு நீ இப்படியா நின்ன?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ‘அம்மா பேசவில்லை’ என்றுதான் இருக்கிறது. திருநீறு என்று எங்குமே இல்லை.

பிரவீனா, அன்றைக்கு உனக்குப் பூசிவிடத்தான் கையில் எடுத்து வந்தேன். கோபம் விடவில்லை. நீ போன பிறகு அதை என் நெற்றியிலேயே பூசிக்கொண்டேன். அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நீ அதைப் பார்த்தாயா? பார்த்துவிட்டும் திரும்பாமலா போனாய்? இல்லை, அந்தப் பெண் தன் அம்மாவை நினைத்துத் தானாகவே செய்ததா? அப்படியென்றால் இத்தனை வருஷமும் நான் கல்லாக நின்றேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாயா? இதில் எது உண்மையாக இருக்கவேண்டும் என்று சாமியிடம் கேட்பது? எனக்கே புரியவில்லை. காலையில் பூசைக்கு உட்கார்ந்தேன், பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

நீ சொல்லிக்கொடுத்ததா, அவளாகச் செய்ததா? அது மட்டும் போதும். சீக்கிரம் பதில் எழுது.

அம்மா