நீல நாக்கு வழக்கில் தாழைத்தீவின் தீர்ப்போலை

நலம் பெருகுக. அலை ஓயாத தாழைத்தீவின் அரசியும், சங்குக்கொடி உடையவளும், சபையில் இரைச்சல் பொறாதவளுமாகிய சங்கமாதேவி, எதிர்க்கரையில் கருங்கரை நாட்டை ஆளும் மன்னரும் எமக்கு உடன்பிறவா அண்ணனாருமாகிய விண்ணவராயர் திருமுன்பு விடுக்கும் ஓலை. தங்கள் ஆறுகள் கரை நிறைய ஓடுக; தங்கள் களங்களில் நெல் குவிக; தாங்கள் எம்மீது கொண்ட கோபம், இதைப் படித்து முடிப்பதற்குள் தணிக.

தங்கள் குடிமகனும் படகுத் தச்சனுமாகிய எயினனை உயிரோடு அனுப்பாவிட்டால் போர்க்கப்பல்கள் புறப்படும் என்று தாங்கள் எழுதியது கிடைத்தது. எயினன் உயிரோடுதான் இருக்கிறான். நாம் இதைச் சொல்லி எழுத்தர் எழுதிக்கொண்டிருக்கும் இவ்வேளையில், வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சுறாப்புட்டும் சுடுசோறும் தின்றுகொண்டிருக்கிறான். ஆகவே கப்பல்களைத் துறையிலேயே நிறுத்திவிட்டு, மேற்கொண்டு படிக்குமாறு வேண்டுகிறோம்.

நம் பாட்டனார்கள் போட்ட சண்டையால் இரு கரைக்கும் இடையே போக்குவரத்து அற்றுப்போனதையும், சென்ற ஆண்டுதான் நாம் இருவரும் கூடி அதைத் திறந்ததையும் தாங்கள் அறிவீர்கள். அப்படி வந்த முதல் ஆள் எயினன். முத்துக் குளித்து மூப்படைந்த பிட்டனார் என்னும் எம் குடிமகனின் வீட்டில் தங்கி, அவருடைய பழைய படகைச் செப்பனிட்டுவந்தான். இடையில் ஊருக்குப் போய்த் திரும்பியவன், கிழவருக்கென்று ஒரு கூடை நாவற்பழம் கொண்டுவந்தான். தென்னையும் தாழையும் தவிர வேறொன்றும் தழைக்காத எம் மணலில் அந்தப் பழத்தைக் கண்டவர் எவருமில்லை. கிழவர் தின்றார், படுத்தார், எழுந்திருக்கவில்லை. வாய்க்கரிசி போடுவதற்கு வாயைத் திறந்தால் நாக்கு கருநீலம்! நஞ்சு என்று யாரோ ஒருவர் கூவ, பொழுது சாய்வதற்குள் ஊரே கூவியது.

அதற்குப் பிறகு இத்தீவில் மீன் விற்றவர் இல்லை, வலை பின்னியவர் இல்லை. எல்லாரும் நீதிபதி ஆகிவிட்டார்கள். அந்தப் பழத்தை நானே தின்று காட்டுகிறேன் என்று எயினன் கெஞ்சினான். மாற்று மருந்து குடித்துவிட்டுப் பேசுகிறான் பார், என்றார்கள். கிழவருக்காக அழுதான், நடிக்கிறான் என்றார்கள். அழுகையை நிறுத்தினான், கல்நெஞ்சன் என்றார்கள். அவன் சரிசெய்த படகு ஒழுகவில்லையே, நல்லவன்தானே என்று ஒரு கூட்டம் பரிந்து பேச, ஒழுகாத படகு செய்யத் தெரிந்தவனுக்கு வேறென்னதான் தெரியாது என்று மறு கூட்டம் மல்லுக்கு நின்றது. பழத்தை ஓர் ஆட்டுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். ஆடு செழிப்பாக நின்றது. ஆயினும் அதன் நாக்கு கறுத்திருக்கிறது என்று கண்டு அலறினார்கள். அந்த ஆட்டுக்குப் பிறவியிலேயே கறுத்த நாக்கு என்று அதை வளர்த்தவள் தலையில் அடித்துக்கொண்டதை எவரும் காதில் வாங்கவில்லை.

இவர்களுக்கெல்லாம் மேலே நின்று முழங்கியவர் எம் சந்தைத் தலைவர் மாசாத்தர். இடிக்குரலார் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பழக்கூடையைச் சான்றுப் பொருளாகத் தம் பண்டகசாலையில் பூட்டி, சாவியைத் தம் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். கொலைகாரனைத் துடுப்பில்லாத கட்டுமரத்தில் ஏற்றிக் கடலில் விடுவது எம் வழக்கம். அதற்குக் கட்டுமரமும் துறையில் வந்து நின்றது. மறைப்பானேன், நாமே பாதி நம்பியிருந்தோம்.

சபை கூடியது. எயினன் கைகட்டி நின்றான். மாசாத்தர் எழுந்து, இன்றே இவனைக் கடலில் விடவேண்டும் என்று எட்டுத் திக்கும் அதிர வாயைத் திறந்தார். அண்ணனாரே, நாம் சிங்காதனத்தில் இருந்தபடியே எட்டிப் பார்த்தோம். உள்ளே நாக்கு கருநீலம்!

மறுபடி வாயைத் திறக்குமாறு ஆணையிட்டோம். அவர் திறக்கவில்லை, முத்துச்சிப்பி போல இறுக மூடிக்கொண்டார். வீரர் இருவர் உதவிசெய்ய, சபை முழுதும் அந்த நாக்கைக் கண்டது. நஞ்சின் வாசனை எப்படி இருக்கும் என்று அறியவே ஒன்றை எடுத்தாராம், இனித்ததாம், கை நிற்கவில்லையாம். பிறகும் ஏனய்யா கத்தினீர் என்று கேட்டோம். ஊரே தம் பேச்சை நம்பிவிட்ட பிறகு எப்படி மாற்றிப் பேசுவது என்று தலை கவிழ்ந்தார். சபையில் எழுந்த சிரிப்பு தங்கள் கரைக்கே கேட்டிருக்கும்.

சிரிப்பு அடங்கியதும் பிட்டனாரின் மனைவி தாழைநங்கை எழுந்தாள். அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதப் பணித்தோம்:

"எத்தனையோ நாளா வாய்க்கு ருசியில்லன்னு கஞ்சிய ஒதுக்கினவரு, தாயி. அன்னிக்குத்தான் ஆசையாத் தின்னாரு. நாக்க நீட்டிக் காட்டி என்னையச் சிரிக்க வச்சாரு. விதையெல்லாம் பொறுக்கி வேட்டி முனையில முடிஞ்சுக்கிட்டு, எந்தப் பக்கம் நட்டா வெயில் படும்னு கேட்டுக்கிட்டே கண்ண மூடினாரு. வெஷம் தின்னவரா விதைய எடுத்து வைப்பாரு? நான் சொல்லச் சொல்ல, பாவம் பொலம்புறான்னு தண்ணி குடுத்து உக்கார வச்சுட்டாங்க."

முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். எமக்குக் கண் கலங்கிவிட்டது. எண்பதைத் தாண்டிய மனிதர், மரம் வைக்க இடம் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். அவர் தலைமாட்டில் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஊரெல்லாம் பேசித் தீர்த்திருக்கிறோம்.

ஆகவே நாம் இடும் ஆணை இதுவாகும்: எயினன் குற்றமற்றவன். துறையில் நிற்கும் அந்தக் கட்டுமரம் அவனுக்கே உரியது, துடுப்போடு. அவ்விதைகள் தாழைநங்கையின் முற்றத்தில் வெயில் படும் பக்கம் நடப்படுக. அவை மரமாகிக் காய்க்கும்வரை நாள்தோறும் மாசாத்தர் தம் தோளில் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றுக. ஊற்றும்போது வாய் திறவாதிருக்க. இனி எவர் சாவைப்பற்றி எம் சபை கூடினாலும், அந்த வீட்டார் பேசி முடித்த பிறகே மற்றவர் பேசுக.

எயினனை இந்த ஓலையோடே அனுப்ப எண்ணினோம். முளை விடுவதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று அவன்தான் அடம்பிடிக்கிறான். தாழைநங்கையும் அவனை விடுவதாக இல்லை. இதை நாம் சிறைப்பிடித்ததாகக் கொள்ள வேண்டாம். அவன் வீட்டாருக்கு ஆள் அனுப்பி, நலமாக இருக்கிறான் என்று சொல்லியருள்க. திரும்பி வரும் எம் படகில் இன்னுமொரு கூடை ஏற்றியும் அருள்க.

கடல் வற்றாதவரை நம் உறவும் வற்றாதிருக்க, சங்கு முத்திரை பதித்து விடுத்தோம். முத்திரைக்கு அருகில் கருநீலக் கறை ஒன்று இருக்கும். அதைக் கண்டு தங்கள் அமைச்சர்கள் நஞ்சு என்று அலற வேண்டாம். மாசாத்தர் மிச்சம் வைத்த பழங்கள் எம் மடியில்தான் இருக்கின்றன. அது எம் கட்டைவிரல்.