தாழைப்பாக்கத்தாரிடம் முரசு கேட்காத கேள்வி

கழியும் கடலும் காவற்காடும் சூழ்ந்த வெண்குருகு நாட்டை ஆளும் வாகைமாதேவியார் திருவாய்மொழிந்தபடி, செம்பொறை நாட்டு வேள் மருதங்கொற்றனாரின் மலையடியில் இன்று அடைக்கலம் புகுந்திருக்கும் தாழைப்பாக்கத்து ஊரார் அனைவர்க்கும், அவர்தம் தலைவி வலம்புரியாளுக்கும் விடுக்கும் ஓலை. உங்களுக்கு நிழல் தந்த வேளின் மலை பசுமை குன்றாதிருக்க. அவருடைய ஊற்றுகள் வற்றாதிருக்க. உங்கள் பிள்ளைகள் பசி அறியாதிருக்க. உங்களை வாழ்த்தும் தகுதி தமக்கு இன்னும் உண்டா என்று வெகுநேரம் யோசித்த பிறகே இவ்வரிகளை எழுதும்படி அரசியார் பணித்தார்.

இவ்வோலை முரசுநாயகம் இடைக்குன்றன் பூதனாரைப் பற்றியது. அரசமுரசுக்கு அதிகாரியான அவருடைய முகத்தை உங்களில் சிலரே கண்டிருப்பீர்கள்; குரலை எல்லோரும் அறிவீர்கள். மழை வரவையும் மன்றத்தின் தீர்ப்பையும் அக்குரலே உங்கள் வாசலில் சொன்னது. அது சொன்னதை நம்பித்தான் நீங்கள் வலை உலர்த்தினீர்கள், படகு இறக்கினீர்கள். அந்த நம்பிக்கைக்கு அவர் செய்த கைம்மாறு என்னவென்று சொல்லவே நாக் கூசுகிறது. என்றாலும் சொல்லியாக வேண்டும்.

நாட்டில் முரசு இருவகை. துறைமாடத்து வணிகர் தம் செலவில் வைத்திருக்கும் தெருமுரசர் ஒருவகை. அவர்கள் யாருடைய உப்பைத் தின்று யாருக்காகக் கத்துகிறார்கள் என்பது பால் மணம் மாறாத பிள்ளைக்கும் தெரியும். ஆகையால் அவர்கள்மேல் அரசியாருக்கு எரிச்சல் உண்டே தவிர வியப்பு இல்லை. அரசமுரசு அப்படியன்று. வீட்டுக்கு ஒரு படி முரசுநெல் கொடுத்து ஊரெல்லாம் சேர்ந்து வளர்க்கும் முரசு அது; எவர் பக்கமும் சாயக் கூடாது என்பதே அதன் பிறப்பு. இரு தரப்பு வழக்கென்றால், அடியில் துளையிட்ட வட்டில் ஒன்றை நீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும்வரை ஒரு தரப்பையும், மறுபடி மிதக்கவிட்டு மூழ்கும்வரை மறு தரப்பையும் ஊரறியப் பேசவைப்பது அதன் முறை.

இந்த முறையைப் பூதனார் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். துளையில் பாசி படிந்து ஒருவருக்கு நேரம் கூடிவிடக் கூடாதே என்று வட்டிலை நாள்தோறும் தம் கையாலேயே தேய்த்துக் கழுவினார். இரு தரப்பாரும் தம்மை ஏசுகிறார்கள் என்றால் தாம் நடுவில் நிற்கிறோம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா என்று அவையில் சொல்லிச் சிரிப்பார். அரசியாரும் உடன் சிரித்ததுண்டு. ஒருவரிடமும் அவர் கை நீட்டி ஒரு காசு வாங்கியவரல்லர். வாங்கியிருந்தால் இவ்வோலை எழுதுவது எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

பெரிய மரக்கலங்கள் உள்ளே வரும்படி கழிமுகத்து மணல்மேட்டை வெட்டிக் கால்வாய் ஆக்க வேண்டும் என்று துறைமாடத்தார் கேட்டதும், மேட்டை வெட்டினால் ஐப்பசிக் கடல் ஊருக்குள் வந்துவிடும் என்று நீங்கள் மறுத்ததும், ஊர்தோறும் குடத்தில் ஓலையிட்டு முடிவு காண்பது என்று அரசியார் ஆணையிட்டதும் உங்களுக்குத் தெரிந்தவையே. தெரியாதது ஒன்று உண்டு. பூதனார் விடியலில் துறைமாடத் தெரு வழியே நடந்து வருவார். அவர் வளர்ந்ததும் பெண் எடுத்ததும் அத்தெருவில்தான். அங்கே தெருமுரசர் எதைக் கத்துகிறார்களோ, அதுவே இன்று நாடு பேசும் பேச்சு என்று எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வருவார். அதையே கேள்வியாக்கி இரு தரப்பாரிடமும் கேட்பார். கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவர் தம்மையே ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அவ்வாறே வலம்புரியாள் முரசு மண்டபம் ஏறிய நாளில், தாழைப்பாக்கத்தார் துறையின் செழிப்பைக் கண்டு பொறாமைப்படுகிறார்கள் என்று ஊர் பேசுகிறதே, அதற்கு என்ன மறுமொழி என்று பூதனார் வினவினார். பொறாமை இல்லை என்று அந்த அம்மையார் விளக்கினார். அயல்நாட்டார் தூண்டிவிட்டதாகப் பேச்சு அடிபடுகிறதே என்று அடுத்து வினவினார். அதையும் மறுத்தார். பழையதைக் கட்டிக்கொண்டு அழுவது ஏன் என்பது மூன்றாவது. அவர் அதற்கு விடை சொல்லிக்கொண்டிருக்கையிலேயே வட்டில் மூழ்கத் தொடங்கியது.

"கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டீரா ஐயா?" என்றார் வலம்புரியாள்.

வட்டில் மூழ்கிவிட்டது. முறைப்படி நேரம் முடிந்தது என்று பூதனார் முரசைத் தட்டினார். அன்று அவர் மனத்தில் சிறு உறுத்தலும் இல்லை. இரு தரப்புக்கும் ஒரே அளவு நீர், ஒரே வட்டில். மண்டபத்து மேல்மாடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அரசியாருக்கும் உறுத்தவில்லை. பொறாமை என்ற சொல்லுக்கு அவையோர் நகைத்தபோது தாமும் நகைத்ததை அரசியார் இங்கே மறைக்க விரும்பவில்லை.

குடங்கள் திறக்கப்பட்டன, மேடு வெட்டப்பட்டது, ஐப்பசியில் கடல் வந்தது. என்ன நடந்தது என்று உங்களுக்கு எழுதுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். ஆனால் மறுநாள் அரசமுரசு சொன்னதை, நீங்கள் அப்போது மலையை நோக்கி நடந்துகொண்டிருந்ததால், கேட்டிருக்கமாட்டீர்கள். துறைமாடத்துப் பண்டசாலைகளில் மிளகு நனைந்தது முதற்செய்தி. வலம்புரியாளின் தங்கை மகள் பவழத்தாளும் மற்றவர்களும் கடலோடு போனது கடைசிச் செய்தி. ஊர் கொதித்தபின் பூதனார் திருத்தம் ஒன்று அறைவித்தார். கடை கட்டிய பிறகு, ஆளில்லாத அங்காடியில், முரசின்மேல் துணி போர்த்தி.

அதன்பின் முரசுநெல் தண்டும் முறை வந்தபோது, தாழைப்பாக்கத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவரப் பூதனார் தாமே போனார். சுவர் விழுந்த ஒரு வீட்டின் மூலையில் மூடிய பானை ஒன்று உடையாமல் இருந்தது. கழுத்தில் முரசுக்கு உரியது என்பதற்கான சிவப்பு நூல். திறந்தால் உள்ளே ஒரு படி நெல், உப்புநீரில் ஊறி நாறிக்கிடந்தது. கடல் வாசலுக்கு வரும்வரை அவ்வீட்டார் இந்த முரசுக்கு நெல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பானையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார் என்றும், உடன் போனவர்கள் அழைத்தும் நெடுநேரம் எழவில்லை என்றும் அரசியார் கேள்விப்பட்டார்.

பானையோடு அவைக்கு வந்த பூதனார் தலை நிமிரவில்லை. தாம் வட்டிலைக் கழுவினாரே தவிரக் காதைக் கழுவவில்லை என்றார். பதவியை விட்டு, தாம் பிறந்த இடைக்குன்றத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடக்க விடை வேண்டினார். அரசியார் விடை தரவில்லை. ஓசையில்லாமல் ஒதுங்குவதும் துணி போர்த்திய முரசுதான் என்றார். அவையில் வெட்கப்பட வேண்டியவர் பூதனார் ஒருவர் மட்டுமல்லர்.

ஆகவே ஆணை இது. மணல்மேட்டை அரண்மனைச் செலவில் மீண்டும் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. தாழைப்பாக்கத்துக்குச் செய்த பிழை முழுவதும், அங்காடி நிறைந்திருக்கும் உச்சிப்பொழுதில், முதற்செய்தியாக, துணியில்லாத முரசில், உங்கள்மேல் பொறாமைப் பழி எத்தனை நாள் பரப்பப்பட்டதோ அத்தனை நாளும் அறையப்படும். இனி ஒரு வழக்கு யார் தலையில் விழுமோ, அவர்கள் தெருவில் போய்க் கேட்ட பின்பே முரசு மண்டபத்தில் கேள்வி எழ வேண்டும். நீங்கள் திரும்பி வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வரும்வரை உங்களிடம் முரசுநெல் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

இவை அரசியாரின் கைச்சாத்து. அரக்கில் குருகு இலச்சினை இடப்பட்டது. ஓலை முடியும் முன் ஒரு சொல் உண்டு.

இவ்வளவு நேரமும் உங்கள் காதில் விழுந்துகொண்டிருந்த குரலை உங்களில் பலர் இதற்குள் அறிந்திருப்பீர்கள். உங்கள் முன் நின்று இதை வாசிப்பவர் இடைக்குன்றன் பூதனாரே. தம்மைப் பற்றிய ஒரு சொல்லையும் விடாமல், குரல் தாழ்த்தாமல் வாசிக்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. அவருக்குத் தண்ணீர் தருவதும் தராததும் உங்கள் மனம். அவர் வட்டில் கொண்டுவரவில்லை. வலம்புரியாள் பேசி முடிக்கும்வரை, அது எத்தனை பொழுதானாலும், நின்று கேட்டு வந்து, கேட்டதைக் கேட்டபடி உச்சிப்பொழுதில் அறைய வேண்டும்.

பூதனாரே, ஓலையைக் கீழே வையும். கடலைப் பற்றிக் கேளும்.